ஊசியும் இரண்டு நாள் சம்பளமும்

2021 ஏப்ரலில் தமிழ்நாட்டில் கொரோனா தடுப்பூசி குப்பைக்குப் போய்க்கொண்டிருந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு கொடுத்த கணக்கில், ஏப்ரல் 11 வரையான காலத்தில் இங்கே வீணான டோஸ்கள் 12.10 விழுக்காடு. எல்லா மாநிலங்களிலும் அதுவே அதிகம். கோவிஷீல்டு குப்பி ஒன்றில் பத்து டோஸ், கோவாக்சினில் அப்போது இருபது. மூடியைத் துளைத்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மத்தியானம் மூன்று பேர் மட்டும் வந்தால், மிச்சத்தை என்ன செய்வது?

அடுத்த மாதமே காட்சி மாறியது. ஊசிக்கு விடியற்காலையில் வரிசை நின்றது. மாநில அரசு மூன்றரைக் கோடி டோஸுக்கு உலகளாவிய டெண்டர் விட்டது. ஒருவரும் டெண்டர் போடவில்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் நிலைமை இன்னும் கொதிப்பு. ஊரடங்கிலிருந்து விலக்கு வாங்கிக் கார் ஆலைகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒரகடம் ரெனோ-நிசான் தொழிற்சங்கம், லைனில் இடைவெளி விடாமல் வேலை வாங்குகிறார்கள் என்று சென்னை உயர் நீதிமன்றம் போனது. மே 24 அன்று இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாயில் தொழிலாளர்கள் உள்ளே உட்கார்ந்துவிட்டார்கள். ஹூண்டாய் மே 25 முதல் 29 வரையும், ரெனோ-நிசான் 26 முதல் 30 வரையும் மூடின.

ஏப்ரலில் இருந்த அதே ஊசிதான் மே மாதமும். அதைப் பற்றிப் புதிதாக நல்ல செய்தி ஏதும் வரவில்லை. சொல்லப்போனால் ரத்த உறைவுச் செய்திதான் வந்திருந்தது. மாறியது பக்கத்து வீட்டில் விழுந்த பிணம். ஏப்ரலில் பயந்தவர்களை 'விழிப்புணர்வு இல்லாதவர்கள்' என்று சொல்வது அதிகாரிகளுக்கு வசதி. மே மாதம் வரிசையில் நின்றவர்களும் பெரும்பாலும் அவர்களே. இரண்டு மாதமும் அவர்கள் ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள்: இந்தப் பக்கம் என்ன ஆபத்து, அந்தப் பக்கம் என்ன ஆபத்து என்று எடை போட்டார்கள். கணக்குப் போடத் தேவையான எண்கள் அவர்கள் கைக்கு வரவில்லை என்பதும், கணக்கு தப்பினால் யார் தலையில் விடியும் என்பதும்தான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

ஏப்ரல் பயத்துக்கு ஒரு முகம் இருந்தது. நடிகர் விவேக் ஏப்ரல் 15 அன்று ஓமந்தூரார் அரசு மருத்துவமனையில், மற்றவர்களுக்குத் தைரியம் வரட்டும் என்று, கேமராக்கள் முன்னால் கோவாக்சின் போட்டுக்கொண்டார். மறுநாள் மாரடைப்பு. 17-ஆம் தேதி விடியற்காலையில் இறந்தார். இதயத்தின் முக்கியத் தமனியில் முழு அடைப்பு, அது ஒரு நாளில் வருவதில்லை என்று மருத்துவர்கள் சொன்னார்கள். தேசிய மனித உரிமை ஆணையத்துக்கு மனு போய், தடுப்பூசிக்குப் பின் வரும் உபாதைகளை ஆராயும் தேசியக் குழு விசாரித்து, ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று சொன்னபோது அக்டோபர் ஆகிவிட்டது. ஆறு மாதம். வாட்ஸ்அப்புக்கு ஆறு நிமிடம் போதுமாக இருந்தது.

அந்தக் குழு எப்படி அப்படிச் சொல்ல முடிகிறது என்பதை யாரும் மக்களிடம் பொறுமையாக விளக்கவில்லை. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஆயிரம் பேருக்கு ஏறத்தாழ ஆறு பேர் இறக்கிறார்கள். எல்லா வயதும் கலந்த ஒரு லட்சம் பேர் என்றால் ஆண்டுக்கு அறுநூறு, வாரத்துக்குப் பதினொன்று, பன்னிரண்டு. அந்த ஒரு லட்சம் பேருக்கும் ஒரே நாளில் வெறும் தண்ணீரை ஊசியாகப் போட்டாலும், அடுத்த ஏழு நாளில் பதினொரு குடும்பம் 'ஊசி போட்ட வாரத்திலேயே போய்விட்டார்' என்று அழும். பதினொன்றுக்கு மேல் எத்தனை என்பதுதான் கேள்வி. ஊசி போடாத அதே வயதுக்காரர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று தெரியாமல் இதற்குப் பதிலே கிடையாது. தனி ஒரு மரணத்தை வைத்து ஊசியைக் குற்றம் சொல்லவும் முடியாது. விடுவிக்கவும், பெரும்பாலும், முடியாது. விவேக் விஷயத்தில் தமனியின் நிலை தெரிந்ததால் முடிந்தது.

இதைச் சொன்ன கையோடு இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2021 ஜனவரியில் சந்தேகப்பட்டவர்களிடம் நியாயம் இருந்தது. ஜனவரி 3 அன்று கோவாக்சினுக்கு அனுமதி தந்தபோது மூன்றாம் கட்டச் சோதனையின் பயன் பற்றிய முடிவு ஒரு வரிகூட வெளியாகியிருக்கவில்லை. 'மருத்துவப் பரிசோதனை முறையில்' என்று ஒரு சொல்லைச் சேர்த்து, போட்டுக்கொள்பவரிடம் ஒப்புதல் படிவம் வாங்கினார்கள். இடைக்கால முடிவு மார்ச்சில் வந்தது. 25,800 பேர் பங்கேற்ற அந்தச் சோதனையின் இறுதி முடிவு, 77.8 விழுக்காடு பயன் என்று, லான்செட்டில் நவம்பரில் அச்சானது. உலக சுகாதார நிறுவனத்தின் அனுமதியும் அந்த மாதம்தான். ஊசி நல்ல ஊசியாகவே அமைந்தது. ஆனால் ஜனவரியில் அது யாருக்கும் தெரியாது, அனுமதி கொடுத்தவர்கள் உட்பட. பரீட்சை எழுதி முடிக்கும் முன்பே பாஸ் போட்டவர்களை நம்பு என்று கேட்டுவிட்டு, நம்பாதவரைப் பாமரர் என்றார்கள்.

கோவிஷீல்டு கதை அதற்கு முன்பே சென்னையில் கசந்திருந்தது. 2020 அக்டோபரில் இங்கே சோதனையில் பங்கேற்ற ஒருவர், தனக்கு நரம்பு பாதிப்பு ஏற்பட்டதாக 5 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு நோட்டீஸ் அனுப்பினார். கோவிஷீல்டைத் தயாரித்த சீரம் நிறுவனம் அவர் மேல் 100 கோடிக்கு மேல் மானநஷ்டம் கேட்கப்போவதாகப் பதிலுக்கு எச்சரித்தது. விசாரணையில் அவர் நோய்க்கும் ஊசிக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை என்றே முடிவானது. அது சரியாகவே இருக்கட்டும். உபாதை என்று வாய் திறந்தால் நூறு கோடி என்ற செய்தி நாடு முழுக்கப் போய்விட்டது. ஒரு மருந்தின் பாதுகாப்பு, புகார் சொல்ல வருபவரின் தைரியத்தையும் நம்பியிருக்கிறது என்பது கம்பெனி வக்கீல்களுக்குத் தெரியாது போலும்.

இனி ரத்த உறைவு. கோவிஷீல்டு, அதாவது ஆஸ்ட்ராஜெனெகா ஊசி, மிக அரிதாக ரத்தத் தட்டணுக்களைக் குறைத்து, மூளையிலோ வயிற்றிலோ உள்ள ரத்தக் குழாய்களில் உறைவு உண்டாக்கும் என்பது 2021 மார்ச்சில் தெரியவந்தது. ஐரோப்பிய மருந்துகள் முகமை ஏப்ரல் 7 அன்று இதை ஒப்புக்கொண்டது. இந்தியாவின் தேசியக் குழு மே 17 அன்று அறிக்கை தந்தது: இங்கே பத்து லட்சம் டோஸுக்கு 0.61, பிரிட்டனில் 4, ஜெர்மனியில் 10. நம்மவர்களுக்கு ஆபத்து குறைவு என்று படித்தவர்கள் ஆறுதல் அடைந்தார்கள்.

அதே அறிக்கையில் இன்னொரு எண் இருந்தது. ஏப்ரல் தொடக்கம் வரை போட்ட ஏழரைக் கோடி டோஸுக்கு, தடுப்பூசிப் பதிவுக்கான கோவின் தளத்தில் பதிவான எல்லா உபாதைகளும் சேர்த்து 23,000 சொச்சம். பத்தாயிரத்துக்கு மூன்று. கை வலி, காய்ச்சல், உடம்பு வலி எல்லாம் இதில் அடக்கம். கோவிஷீல்டு போட்ட அன்று ராத்திரி குளிர் தூக்கிப்போட்ட ஆளை நமக்குத் தெருவுக்கு நாலு பேர் தெரியும். பத்தாயிரத்துக்கு மூன்று பேர்தான் என்று பதிவேடு சொன்னால், பதிவேட்டின் கண் எவ்வளவு மங்கல் என்பதற்கு அதுவே சாட்சி. தீவிர உபாதைகளை இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. மாவட்டக் குழு, மாநிலக் குழு, தேசியக் குழு என்று படிக்கட்டும் இருக்கிறது. ஆனால் முதல் படியில் ஒருவர் தானாக வந்து சொல்ல வேண்டும்.

ஆகவே 0.61-ஐ நான் நம்பவில்லை. வேறு எண்ணை எடுத்துக்கொள்வோம். எல்லோரையும் எண்ணிப் பார்க்கக்கூடிய நார்வேயில், ஏறத்தாழ 1.3 லட்சம் பேருக்கு ஊசி போட்டபின் ஐந்து பேருக்கு இந்த உறைவு வந்தது. லட்சத்துக்கு நாலு என்று வையுங்கள். நாம் சொன்னதைப் போல அறுபது மடங்குக்கு மேல். ஐவரும் நடு வயது சுகாதாரப் பணியாளர்கள்; மூவர் இறந்துபோனார்கள். இந்தக் கொடிய எண்ணையே ஒரு தட்டில் போடுகிறேன்.

மறு தட்டுக்கு எண் சென்னையிலேயே இருக்கிறது. தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் தமிழ்நாடு காவல் துறையுடன் சேர்ந்து 1,17,524 காவலர்களின் கணக்கை எடுத்தது. 2021 பிப்ரவரி முதல் மே நடு வரை. ஊசியே போடாத 17,059 பேரில் கொரோனாவால் இறந்தவர்கள் 20. ஒரு டோஸ் போட்ட 32,792 பேரில் 7. இரண்டும் போட்ட 67,673 பேரில் 4. லட்சத்துக்கு மாற்றினால் போடாதவர்களில் 117, ஒரு டோஸில் 21, இரண்டு டோஸில் 6. நார்வேயின் நாலு எங்கே, 117 எங்கே! குறைகள் உண்டு. ஏற்கனவே நோயாளியாக இருந்தவர்கள் ஊசிக்குத் தயங்கியிருக்கலாம்; அவர்கள் எப்படியும் எளிதில் சாகக்கூடியவர்கள். அந்தக் குறைக்காகப் பாதியாக வெட்டிப் போட்டாலும் தட்டு எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் மாற்றமில்லை.

ஆனால் காவலர்களில் ஐம்பது வயதுக்காரர்கள் பலர். சுங்குவார்சத்திரம் ஆலையில் செல்போன் கோக்கும் பெண்ணுக்கு இருபத்தொரு வயது. கொரோனாவால் சாகும் ஆபத்து வயதோடு செங்குத்தாக ஏறுகிறது. உறைவு ஆபத்தோ இளையவர்களிடம் சற்று அதிகம். அதாவது அவள் விஷயத்தில் இரண்டு தட்டும் நெருங்குகின்றன. இதனால்தான் பிரிட்டன் ஏப்ரலில் முப்பது வயதுக்குக் கீழேயும், மே மாதம் நாற்பதுக்குக் கீழேயும் வேறு ஊசி கொடுக்கச் சொன்னது. ஜெர்மனி அறுபதுக்குக் கீழே நிறுத்தியது. டென்மார்க் முழுவதும் கைவிட்டது. அங்கே வேறு ஊசி இருந்தது, பிரிட்டனிலும் டென்மார்க்கிலும் அலையும் தணிந்திருந்தது. இங்கே அலை உச்சத்தில். ஒரு அறையில் ஏழெட்டுப் பேர் படுக்கும் விடுதி, நெருக்கி உட்காரும் கம்பெனி பஸ். கிடைத்த ஊசியைப் போடு என்பதே அந்த மே மாதத்துக்குச் சரி என்று நினைக்கிறேன். அலை ஓய்ந்து, கோவாக்சினும் கையிருப்பில் இருந்த பிறகும் இளையவர்களிடம் அந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் விட்டது சரியில்லை.

மே 17 அறிக்கையோடு அரசு ஒரு எச்சரிக்கைக் குறிப்பும் தந்தது. ஊசி போட்ட இருபது நாளுக்குள் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, கால் வீக்கம், விடாத தலைவலி, ஊசி போட்ட இடம் தவிர வேறெங்காவது தோலில் குண்டூசி முனை போலச் சிவப்புப் புள்ளிகள் வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போகச் சொன்னது. அருமையான குறிப்பு, உயிர் காக்கக்கூடியது. ஒரு பக்கம் தமிழில், ஒரு பக்கம் இந்தியிலும் ஒடியாவிலும் அச்சடித்து, கேம்ப்பில் ஊசி போட்ட கையோடு கொடுத்திருக்கலாம். பத்தாம் நாள் தலைவலித்தால் விடுதிப் பெண் என்ன செய்வாள்? வார்டனிடம் சொல்வாள், மெடிக்கலில் பாராசிட்டமால் வாங்குவாள், நைட் ஷிஃப்டுக்குப் போவாள். அவளுக்கு அப்படி ஏதும் ஆகியிருக்க வாய்ப்பு மிக மிகக் குறைவு. ஆனால் ஆகியிருந்தால் அது எந்தப் பதிவேட்டிலும் ஏறியிருக்காது. ஊசி ஸ்ரீபெரும்புதூரில், சிகிச்சை ஊருக்குப் போய்க் கஞ்சாமிலோ கள்ளக்குறிச்சியிலோ. இரண்டையும் இணைத்துப் பார்க்க ஒருவரும் இல்லை.

2024 ஏப்ரல் கடைசியில் இதே விஷயம் புதுச் செய்தி போல வெடித்தது. லண்டன் நீதிமன்றத்தில் ஆஸ்ட்ராஜெனெகா தந்த ஆவணத்தில், மிக அரிதாக உறைவு வரலாம் என்று ஒப்புக்கொண்டிருந்தது. மூன்று வருடம் முன்பே அறிக்கையாக வந்த சங்கதி. மக்களோ மறைத்ததை இப்போதுதான் பிடித்தார்கள் என்று எடுத்துக்கொண்டார்கள். போட்டு மூன்று வருடம் ஆனவர்கள் கார்டியாலஜி வாசலில் நின்றார்கள். அந்த உறைவு வந்தால் முதல் சில வாரங்களில் வரும். மூன்று வருடம் கழித்து வராது. ஜிம்மில், கிரிக்கெட் மைதானத்தில் இளைஞர்கள் சரிந்து விழும் வீடியோக்கள் ஏற்கனவே சுற்றிக்கொண்டிருந்தன. அதையும் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமே ஆராய்ந்திருந்தது: நாடெங்கும் 47 மருத்துவமனைகள், 18 முதல் 45 வயதில் திடீரென இறந்த 729 பேர், ஒப்பிட 2,916 பேர். தடுப்பூசி ஆபத்தைக் கூட்டவில்லை. இரண்டு டோஸ் போட்டவர்களில் குறைவாகவே இருந்தது. கொரோனாவுக்காக மருத்துவமனையில் படுத்தது, குடும்பத்தில் திடீர் மரணம், அளவுமீறிய குடி, கடும் உடற்பயிற்சி ஆகியவைதான் ஆபத்தோடு சேர்ந்து வந்தன. ஆய்வு 2021 அக்டோபருக்குப் பிந்தைய மரணங்களை எடுத்தது என்பதால் முதல் மாதங்களைப் பற்றி அது அதிகம் பேசாது. வீடியோக்களுக்கு அது போதுமான பதில்.

இந்தச் சந்தேகம் எல்லாம் வாட்ஸ்அப் கொடுத்த வியாதி என்பவர்கள் பழைய கதை தெரியாதவர்கள். 1955-இல், முதலமைச்சர் பதவியை விட்டு ஓராண்டு ஆன நிலையில், ராஜாஜி காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசியை நான் ஏன் எதிர்க்கிறேன் என்று ஆங்கிலத்தில் ஒரு புத்தகமே போட்டார். அந்த ஊசி கிண்டியில் 1948 முதல் தயாராகிக்கொண்டிருந்தது. அவருக்கு முன்பே பயப்படக் காரணமும் இருந்தது: 1930-இல் ஜெர்மனியின் லூபெக் நகரில் பி.சி.ஜி.யில் நோய் உண்டாக்கும் காசநோய்க் கிருமி கலந்துபோய் 251 குழந்தைகளில் 72 பேர் இறந்தனர். தடுப்பு மருந்தின் குற்றமில்லை, ஆய்வுக்கூடத்தின் குற்றம். 1968-இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் உலகின் மிகப் பெரிய பி.சி.ஜி. சோதனை தொடங்கியது. முடிவு வந்தபோது இரு தரப்பும் திகைத்தன. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவேயில்லை. ராஜாஜி பயந்த தீங்கும் இல்லை, அரசு உறுதி சொன்ன பயனும் இல்லை. குழந்தைகளுக்கு வரும் கொடிய காசநோயைத் தடுக்கும் என்பதற்காக இன்றும் போடுகிறோம், அது சரியே.

ஸ்ரீபெரும்புதூரை ஒட்டிய திருவள்ளூர் மாவட்டத்தில் 2008 ஏப்ரலில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அரசு கிராமம் கிராமமாகப் போய் ஊசி போடுவதை நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச் சொன்னது. பாதுகாப்புக்காக எடுத்த முடிவு. கூலி வேலைக்குப் போகும் தாய்க்கு அது ஒரு நாள் சம்பளம். தேசியக் குடும்பநல ஆய்வில் 2005-06-இல் 81 விழுக்காடாக இருந்த தமிழ்நாட்டின் முழுத் தடுப்பூசி அளவு, 2015-16-இல் 70-க்கு இறங்கியது. இதற்கு அந்த முடிவு ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். பெரும் பங்கு உண்டு என்று துணிந்து சொல்வேன். 2017-இல் தட்டம்மை-ரூபெல்லா ஊசிக்கு எதிராகப் பள்ளிப் பெற்றோரிடம் வதந்தி பரவியபோது, திருவள்ளூர் பக்கத்தில் பலருக்குப் பழைய நினைவும் இருந்திருக்கும்.

இப்படிச் சுற்றி வந்தால் மறுபடியும் சம்பளத்தில்தான் வந்து நிற்கிறோம். புது ஊசி போட்டால் ஒரு நாள், இரண்டு நாள் காய்ச்சல் வரும். மருத்துவருக்கு அது 'லேசான உபாதை'. காண்ட்ராக்ட் தொழிலாளிக்கு இரண்டு நாள் லாஸ் ஆஃப் பே, மாதக் கடைசியில் அட்டெண்டன்ஸ் போனஸும் காலி. இ.எஸ்.ஐ. இருக்கிறதே என்பீர்கள். மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குபவர்களுக்கு இருக்கிறது. நோய்க்கால உதவியாக ஆண்டுக்கு 91 நாள் வரை 70 விழுக்காடு சம்பளம். ஆனால் ஆறு மாதத்தில் 78 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். ஏஜென்சி மாற்றி மாற்றி அனுப்பும் ஆளுக்கு அது எளிதில் சேராது. சேர்ந்தாலும், முதல் இரண்டு நாள் காத்திருப்புக் காலம், பணம் கிடையாது. தடுப்பூசிக் காய்ச்சல் சரியாக அந்த இரண்டு நாளில் வந்து போய்விடுகிறது. லைனில் நிற்பவரிடம் 'பாதுகாப்பானதா?' என்ற கேள்வி வரும்போது அதில் பாதி உறைவைப் பற்றியது, பாதி இந்த இரண்டு நாளைப் பற்றியது. முதல் பாதிக்கு விஞ்ஞானிகள் பதில் தேடினார்கள். இரண்டாம் பாதியை யாரும் கேள்வியாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

இதற்கு மேல் கட்டாயம் வேறு. 2021 நவம்பரில் பொது சுகாதாரத் துறை, பொது இடங்களுக்கு ஊசி போட்டவர்களையே அனுமதிக்கச் சொல்லிச் சுற்றறிக்கை விட்டது. கேட்டில் சான்றிதழ் கேட்ட கம்பெனிகளும் உண்டு. 2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றம், மருத்துவர் ஜேக்கப் புலியேல் தொடுத்த வழக்கில், யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது என்றும், உபாதைகளை மக்களே நேராகப் பதிவு செய்ய வழி வேண்டும் என்றும் சொன்னது. அதே ஆண்டு நவம்பரில், ஊசிக்குப் பின் மகள்களை இழந்த பெற்றோர் போட்ட வழக்கில் மத்திய அரசு பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தது: தடுப்பூசி விருப்பத்தின் பேரில் போட்டுக்கொள்வது, ஆகவே இழப்பீட்டுக்கு அரசு பொறுப்பில்லை. கேட்டில் நிற்கும்போது கட்டாயம், கோர்ட்டில் நிற்கும்போது விருப்பம். பிரிட்டனில் ஊசியால் கடுமையாகப் பாதிக்கப்பட்டதாக முடிவானால் 1,20,000 பவுண்டு தரும் திட்டம் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. லட்சத்துக்கு நாலு பேர் என்றே வைத்துக்கொண்டாலும், அந்த நாலு பேருக்குக் கொடுக்க ஒரு நாட்டிடம் பணம் இல்லாமல் போகாது. மற்ற 99,996 பேரைக் காக்க அந்த நால்வர் மேல் ஆபத்தை ஏற்றியவர்கள் நாம்தான்.

  கடைசியாக ஒரு சின்ன விஷயம். 2025-26 பட்ஜெட்டில் தமிழ்நாடு பதினான்கு வயதுப் பெண்களுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட 36 கோடி ரூபாய் ஒதுக்கியது. இந்த ஊசிக்கும் இந்தியாவில் ஒரு காயம் உண்டு: 2009-10-இல் அன்றைய ஆந்திராவின் கம்மத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் நடந்த திட்டத்தில், பல படிவங்களில் பெற்றோருக்குப் பதில் விடுதி வார்டன்களே கையெழுத்துப் போட்டிருந்தார்கள். பல கோடி டோஸ் போட்டுப் பார்த்துவிட்ட ஊசி அது, நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். அந்த வயதைத் தாண்டிவிட்ட, இந்த ஆலைகளின் விடுதிகளில் இருக்கும் ஆயிரக்கணக்கான பெண்களுக்கும் நாளை ஒரு கேம்ப் வரலாம். அப்போது வார்டன் கையெழுத்து வேண்டாம். அறிகுறிகள் எழுதிய ஒரு துண்டுச் சீட்டு அவரவர் மொழியில் வேண்டும். அழைத்தால் எடுக்கும் ஒரு போன் எண் வேண்டும். இ.எஸ்.ஐ. விதியில், தடுப்பூசிக்குப் பின் வரும் காய்ச்சலுக்குக் காத்திருப்புக் காலம் கிடையாது என்று ஒரே ஒரு வரி சேர்க்க வேண்டும். அதற்கு ஆய்வுக்கூடமோ மூன்றாம் கட்டச் சோதனையோ தேவையில்லை.